சாம்பார் பொடிக்குள் எத்தனை ஊர்? மூலப்பொருள் வரும் வழியை வரைவது எப்படி

கேள்வி: சிறிய அளவில் சாம்பார் பொடி தயாரித்து விற்கிறோம். பிரிட்டனில் உள்ள ஓர் இறக்குமதியாளர் சரக்கு கேட்கிறார். ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து வருகிறது என்பதை வரைபடமாகத் தரச் சொல்கிறார். எங்களிடம் இருப்பது மளிகை மொத்தக்கடை பில்கள்தான். எங்கே தொடங்குவது, எதுவரை போவது?

பதில்:

பில் பத்திரமாக இருக்கிறது என்றால் நல்ல இடத்தில்தான் நிற்கிறீர்கள். இந்தத் தொழிலில் பலரிடம் அதுவே இருக்காது.

முதலில், எதைச் செய்யக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். இந்திய வரைபடத்தை எடுத்து, "மிளகாய் குண்டூர், மல்லி ராஜஸ்தான், மஞ்சள் ஈரோடு, சீரகம் ஊஞ்சா" என்று அம்புக்குறி போட்டு அனுப்புவார்கள். பார்க்க அழகாக இருக்கும், இறக்குமதியாளருக்கு ஒன்றுக்கும் உதவாது. அவை சரக்கு விலைபோன ஊர்கள், விளைந்த ஊர்களாக இருக்க வேண்டியதில்லை. குண்டூர் மிளகாய் யார்டுக்கு ஆந்திராவின் மற்ற மாவட்டங்களிலிருந்தும் தெலங்கானா, கர்நாடகத்திலிருந்தும் வத்தல் வருகிறது. ஜனவரிக்குப் பிறகு வரத்து குவியும்போது விற்றது போக மீதி குளிர்பதனக் கிடங்குக்குள் போய், மாதக்கணக்கில் கிடந்து, விலை ஏறும்போது வெளியே வருகிறது. உங்கள் மொத்தக்கடைக்காரர் "குண்டூர் சரக்கு" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் எந்த நிலம், எந்த வருட அறுவடை, வழியில் எதோடு கலந்தது என்ற மூன்றும் அந்தச் சொல்லில் கிடையாது.

வாங்குபவருக்கு வேண்டியது வேறு. "இந்தப் பாக்கெட்டில் கோளாறு என்றால், எந்த மூட்டையிலிருந்து வந்தது? அதே மூட்டை வேறு எந்தப் பாக்கெட்டுகளில் போயிருக்கிறது?" இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லும் படம்தான் படம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 178/2002 சட்டம் கேட்பது இதைத்தான்: ஒரு படி பின்னால் யாரிடம் வாங்கினாய், ஒரு படி முன்னால் யாருக்கு விற்றாய். 2005 ஜனவரியிலிருந்து அங்கே இது கட்டாயம். பிரிட்டன் பிரிந்து போன பிறகும் அந்த விதியைக் கைவிடவில்லை.

ஆகவே ஊரில் தொடங்காதீர்கள். உங்கள் சொந்தத் தயாரிப்பில் ஒரே ஒரு தொகுதியை, அதாவது ஒரே தடவையில் அரைத்த பொடியை, எடுத்துக்கொண்டு பின்னோக்கி நடங்கள். 100 கிலோ தொகுதி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மல்லி 40, வத்தல் 25, துவரம்பருப்பு 10, கடலைப்பருப்பு 7, சீரகம் 5, மஞ்சள் 4, மிளகு 4, வெந்தயம் இரண்டரை, கடுகு 1, பெருங்காயம் 1, கறிவேப்பிலை அரை. உங்கள் கைப்பக்குவம் கொஞ்சம் முன்பின் இருக்கலாம், பரவாயில்லை. ஒவ்வொன்றுக்கும் எந்தப் பில், எந்தத் தேதி, எத்தனை மூட்டை, மூட்டையில் தைத்திருந்த சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று எழுதுங்கள். சாக்கைப் பிரித்தவுடன் அந்தச் சீட்டைக் குப்பையில் போடுவது நம் எல்லோருக்கும் பழக்கம். இனி அதைத் தொகுதித் தாளில் ஒட்டி வையுங்கள். பில்லில் விற்பவரின் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் எண்) இருக்கிறதா என்றும் பாருங்கள். 2022 ஜனவரி முதல் அது கட்டாயம். அந்த எண் இல்லாத பில்லோடு உங்கள் சங்கிலி அங்கேயே அறுந்துவிடுகிறது.

எடையில் பெரிய பொருளைத்தான் முதலில் துருவ வேண்டும் என்று தோன்றும். நான் சிறியதிலிருந்து தொடங்கச் சொல்வேன். அந்த ஒரு கிலோ பெருங்காயத்தை எடுங்கள்.

நீங்கள் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். ஃபெருலா செடியின் வேரைக் கீறி எடுக்கும் பிசின் ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் பக்கத்திலிருந்து வருகிறது. நம் நாட்டில் 2020 அக்டோபரில்தான் இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் முதல் நாற்றை நட்டார்கள், அதனால் உள்நாட்டுச் சரக்கு என்று யாராவது சொன்னால் புருவத்தை உயர்த்தலாம். அந்தப் பிசினின் காட்டம் தாங்காது என்பதால் உத்தரப்பிரதேசத்தின் ஹாத்ரஸ் போன்ற ஊர்களிலும், இங்கே நம் பெருங்காயக் கம்பெனிகளிலும் மாவும் கருவேலப் பிசினும் சேர்த்துப் பிசைகிறார்கள். கருவேலப் பிசினுக்குப் பெரிய மூலம் சூடான், சாட் என்ற ஆப்பிரிக்க நாடுகள். மாவு சில இடங்களில் அரிசி மாவு, பல இடங்களில் மைதா.

மைதா என்றால் கோதுமை. கோதுமை என்றால் குளூட்டன் என்ற புரதம். உங்கள் சாம்பார் பொடியில் கோதுமை என்று ஒரு பொருளே நீங்கள் போடவில்லை, ஆனால் லேபிளில் கோதுமையை ஒவ்வாமைப் பொருளாகக் காட்டியாக வேண்டும். "குளூட்டன் இல்லை" என்று பெருமையாக அச்சடித்த பாக்கெட்டுகளை இந்த ஒரு டப்பா கவிழ்த்துவிடும். பெருங்காய டப்பாவைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். இரண்டு பிராண்டை மாற்றி மாற்றி வாங்குகிறீர்கள் என்றால் இரண்டையும் படியுங்கள். தயாரிப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத மாவு, மூன்று நான்கு நாடுகளையும் ஓர் ஒவ்வாமை எச்சரிக்கையையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. படத்தில் இப்படி ஒரு பொருளுக்குள் இருக்கும் பொருட்களுக்குத் தனிக் கிளை போட வேண்டும்.

அடுத்த ஒரு கிலோ, கடுகு. நம் நாட்டு ஒவ்வாமைப் பட்டியலில் கடுகு இல்லை. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் உள்ள 14 பொருள் பட்டியலில் உண்டு, எள்ளும் உண்டு. அதோடு முடியவில்லை. 2024 இலையுதிர் காலத்தில் பிரிட்டனின் உணவுத் தர முகமை, வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் கடுகு சேர்ந்த உணவையே கொஞ்ச காலம் தவிர்க்கும்படி அறிவித்தது. இந்தியாவிலிருந்து போன கடுகுச் சரக்கில் வேர்க்கடலை கலந்திருந்தது என்பதுதான் காரணம். அதற்குப் பத்து வருடம் முன்பு அமெரிக்காவில் சீரகத்தூளில் வேர்க்கடலை கலந்து பெரிய திரும்பப் பெறுதல் நடந்தது. ஆகவே உங்கள் இறக்குமதியாளர் கடுகைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டால் எரிச்சல் வேண்டாம், அவர் சூடுபட்ட பூனை. கடுகு கிடந்த கோடவுனில் கடலையும் கிடந்ததா, ஒரே சல்லடையில் சலித்தார்களா, பழைய கடலைச் சாக்கில் மறுபடி கட்டினார்களா என்பவை உங்கள் கடைக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்.

இதிலிருந்துதான் என் முக்கியமான பேச்சுக்கு வருகிறேன். படத்தில் ஊர்களைவிடக் கலக்கும் இடங்கள் முக்கியம். சரக்கு லாரியில் ஆயிரம் மைல் ஓடுவதால் பெரிய ஆபத்து இல்லை. இரண்டு சரக்கு ஒன்றாகும் இடத்திலும், சரக்கின் உருவம் மாறும் இடத்திலும்தான் எல்லாம் நடக்கிறது. அந்த இடங்களில் பாதி எந்தப் பில்லிலும் இருக்காது.

மஞ்சளைப் பாருங்கள். பறித்த கிழங்கை வேகவைத்து, காயவைத்து, பீப்பாயில் போட்டு உருட்டி மெருகேற்றுவார்கள். ஈரோட்டு விவசாயிகள் விலைக்காக அதை வருடக்கணக்கில் இருப்பு வைப்பதும் உண்டு. அதனால் "எந்த வருட மஞ்சள்" என்று கேட்காமல் விடக்கூடாது. மெருகேற்றும் அந்த இடம் வங்கதேசத்தில் என்ன செய்தது தெரியுமா? மங்கிய மஞ்சளுக்குப் பளபளப்பு ஏற்றுவதற்காக ஈயக் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைப் பீப்பாயிலேயே தூவினார்கள். கர்ப்பிணிகளின் ரத்தத்தில் இருந்த ஈயம் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு போன ஆய்வாளர்கள் கடைசியில் மெருகு ஆலையில்தான் போய் நின்றார்கள். 2019இல் அது வெளியே வந்து, அரசு கடுமை காட்டியபின் இரண்டே வருடத்தில் சந்தை மாதிரிகளிலிருந்து அந்தச் சாயம் காணாமல் போனது. விவசாயி, கமிஷன் மண்டி, வியாபாரி என்று நீங்கள் வரையும் கோட்டில் மெருகு ஆலைக்கு ஒரு கட்டம் இருக்கிறதா? இல்லையென்றால் போடுங்கள். விரலி மஞ்சளாக வாங்கி நீங்களே அரைப்பது, தூளாக வாங்குவதைவிட எவ்வளவோ மேல். தூளில் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

வத்தலும் அப்படித்தான். தூளாக வாங்கவே வாங்காதீர்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிடுவேன். 2005 பிப்ரவரியில் பிரிட்டனில் நடந்ததைச் சொன்னால் காரணம் புரியும். 2002இல் இந்தியாவிலிருந்து போன மிளகாய்த்தூளில் சூடான் 1 என்ற தொழிற்சாலைச் சாயம் இருந்தது. அந்தத் தூள் ஒரு வூஸ்டர் சாஸில் போனது. அந்த சாஸ் பல கம்பெனிகளின் பை, சூப், தயார் உணவுகளில் போனது. கடைசியில் 400க்கும் மேற்பட்ட பொருட்களை அலமாரியிலிருந்து இறக்கினார்கள். அதற்கு முன்பே, 2003இல் பிரான்சில் இதே சாயம் பிடிபட்ட பிறகுதான், ஏற்றுமதியாகும் மிளகாய்க்கு நம் நறுமணப்பொருள் வாரியம் சூடான் சாயப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. முழு வத்தலாக வாங்கினால் இந்தக் கவலை பெரும்பாலும் போய்விடும். மிச்சம் இருப்பது பூச்சிமருந்து எச்சமும், சரியாகக் காயாத சரக்கில் பூஞ்சையால் வரும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சும். மிளகாய், மஞ்சள், மிளகில் அஃப்ளாடாக்சின் பி1 வகை கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், எல்லா வகையும் சேர்த்து 10 என்பது ஐரோப்பிய வரம்பு. மண்டி வழியாக வரும் வத்தலுக்கு யார் எப்போது என்ன மருந்து அடித்தார்கள் என்று எந்தக் கடைக்காரராலும் சொல்ல முடியாது. ஆகவே எல்லாப் பொருளுக்கும் நிலம்வரை போக முயன்று களைத்துப் போகாதீர்கள். ஒரே ஒரு பொருளுக்கு நிலம்வரை போக உங்களுக்குச் சக்தி இருக்கிறது என்றால் அது மிளகாயாக இருக்கட்டும். ராமநாதபுரம், தூத்துக்குடி, விருதுநகர் பக்கத்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றிடம் நேராகப் பேசிப் பாருங்கள். விலை கூடுதலாகத்தான் கேட்பார்கள். ஆனால் உறுப்பினர் பெயர், கிராமம், அறுவடைத் தேதி மூன்றும் ஒரு தாளில் கிடைக்கும். குண்டு மிளகாய்க்கு மாறினால் நிறமும் காரமும் மாறும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். நிறத்துக்குக் கர்நாடகத்தின் பியாடகி மிளகாய் சேர்க்க வேண்டியிருந்தால் அது இன்னொரு கிளை.

மல்லி எடையில் பெரியது, ஆனால் சொல்ல அதிகம் இல்லை. ராஜஸ்தானின் ராம்கஞ்ச் மண்டி, குஜராத்தின் கோண்டல், மத்தியப்பிரதேசத்தின் கும்பராஜ் என்று எங்கிருந்து வந்தாலும் மாநிலமும் வருடமும் கேட்டு வாங்கினால் போதும். மிளகு கேரளமா, குடகா, அல்லது இலங்கை, வியட்நாம் இறக்குமதியா என்று கேளுங்கள். மூன்றாவது விடை வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

துவரம்பருப்பில் கொஞ்சம் நிற்க வேண்டும். நம் நாட்டுக் கலபுரகி, லாத்தூர் துவரையாகவும் இருக்கலாம், மியான்மர், மொசாம்பிக், தான்சானியாவிலிருந்து கப்பலில் வந்ததாகவும் இருக்கலாம். பருப்பு மில்லில் இரண்டும் ஒரே வாரத்தில் உடைபடும். தோல் எளிதாகக் கழலச் சில மில்களில் எண்ணெய் தடவுவார்கள், நம் பக்கத்தில் சில இடங்களில் செம்மண் கட்டுவார்கள். எந்த எண்ணெய் என்று கேளுங்கள், கடலை எண்ணெய் என்று பதில் வந்தால் உங்கள் படத்தில் இன்னொரு ஒவ்வாமைக் கேள்வி எழுகிறது. வறுத்து அரைக்கும் பொருளுக்கு மூல நாட்டைவிட மில்லின் முகவரி முக்கியம் என்பேன்.

உங்கள் சொந்த அரைவை மில்லை மறந்துவிட வேண்டாம். கூலிக்கு அரைக்கக் கொடுக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு முன்னால் அந்த எந்திரத்தில் என்ன அரைந்தது? இட்லிப்பொடிக்கு எள்ளும் சத்துமாவுக்குக் கடலையும் முந்திரியும் ஓடும் மில் என்றால், அதுவும் ஒரு கலக்கும் இடம். முதல் நாலு கிலோ சாம்பார் பொடியைத் தனியே எடுத்து ஒதுக்குவது ஒரு வழி, விடிகாலையில் கழுவித் துடைத்த எந்திரத்தில் முதல் ஆளாக அரைப்பது நல்ல வழி.

கிருமி நீக்கமும் அப்படி ஒரு கட்டம்தான். ஏற்றுமதிச் சரக்கை எத்திலீன் ஆக்சைடு வாயுவில் வைத்து எடுக்கும் இடங்கள் உண்டு. 2024 ஏப்ரலில் ஹாங்காங் அதிகாரிகள் இரண்டு இந்திய பிராண்டுகளின் மசாலாக்களில் அதைக் கண்டதாக அறிவித்தார்கள். அந்தப் பட்டியலில் ஒரு சாம்பார் மசாலாவும் இருந்தது. நிறுவனங்கள் மறுத்தன, அது வேறு கதை. கவனிக்க வேண்டியது, அமெரிக்கா மசாலாவில் 7 பிபிஎம் (கிலோவுக்கு 7 மில்லிகிராம்) வரை அனுமதிக்கிறது, ஐரோப்பாவின் வரம்பு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். ஒரே சரக்கு ஓர் ஊரில் சுத்தம், இன்னோர் ஊரில் குற்றம். நீங்கள் புகை போடவில்லை என்றாலும் உங்களுக்கு மிளகோ சீரகமோ விற்றவர் போட்டிருக்கலாம். "புகையோ வாயுவோ போட்டதா, எங்கே, எதில்?" என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இனி நிஜமான தலைவலி. கடைக்காரர் பதில் சொல்ல மாட்டார். "எங்க வாங்குறேன்னு சொன்னா அடுத்த வாரம் நீங்களே நேரா அங்க போயிடுவீங்களே" என்பார். அவர் பிழைப்பு அது, அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. அவரிடம் பெயர் கேட்காதீர்கள். விளைந்த மாநிலம் அல்லது நாடு, அறுவடை வருடம், அவர் பதிவேட்டில் அந்தச் சரக்கின் லாட் எண் (ஒன்றாக வந்த மூட்டைகளுக்குக் கொடுக்கும் எண்), இடையில் நடந்த வேலைகள், இவை மட்டும் அவர் கையெழுத்தோடு போதும். தேவைப்பட்டால் பெயரை நேரே இறக்குமதியாளருக்குச் சொல்கிறேன் என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் இதற்கு ஒத்துக்கொள்வார்கள். இதற்கும் மறுப்பவரிடம் அந்தப் பொருளை ஏற்றுமதித் தொகுதிக்கு வாங்காமல் இருப்பதுதான் சரி.

கிடைத்த தகவலுக்கு மூன்று நிறம் கொடுங்கள். நீங்களே பார்த்தது அல்லது ஆவணம் கையில் உள்ளது பச்சை. கையெழுத்தோடு எழுத்தில் வந்தது மஞ்சள். வாய்ச்சொல் மட்டும் என்றால் சிவப்பு. தெரியாத இடத்தைக் காலியாக விட்டு "தெரியவில்லை" என்று எழுதுங்கள். முதல் படத்தில் பாதி சிவப்பாக இருந்தாலும் இறக்குமதியாளர் ஓடிவிட மாட்டார். எல்லாம் பச்சையாக இருந்தால்தான் அவருக்குச் சந்தேகம் வரும்.

மென்பொருள் வாங்க வேண்டுமா என்றும் அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். வால்மார்ட் 2016இல் மாம்பழத் துண்டின் மூலத்தைத் தேட ஏழு நாள் ஆன வேலையை பிளாக்செயின் என்ற கணினிப் பதிவேட்டில் 2.2 நொடியில் முடித்தது என்று எல்லாக் கருத்தரங்கிலும் சொல்வார்கள். உண்மைதான். உள்ளே போட்ட எண் சரியாக இருந்தால் 2.2 நொடி, தப்பாக இருந்தால் 2.2 நொடியில் தப்பான தோட்டம். உங்கள் அளவுக்கு ஒரு நீள நோட்டும் ஓர் எக்செல் தாளும் ஏராளம்.

அந்தத் தாளில் கணக்கு இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும், இதைத்தான் தணிக்கையாளர் முதலில் செய்வார். ஒரு லாட்டில் 40 கிலோ மூட்டை 12 வாங்கினீர்கள், 480 கிலோ. காம்பு, தூசி, ஈரம் போக 440 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 25 வத்தல் போடும் பொடி இதில் 1,760 கிலோதான் வரும். அந்த லாட் எண்ணைப் போட்டு 2,100 கிலோ விற்றதாகத் தாள் சொன்னால், 85 கிலோ வத்தல் வேறெங்கிருந்தோ நுழைந்திருக்கிறது. பெரும்பாலும் திருட்டு எதுவும் இருக்காது. அவசரத்துக்குப் பக்கத்துக் கடையில் இரண்டு மூன்று மூட்டை வாங்கி, எழுத மறந்திருப்பார்கள். அந்த மூட்டைகள்தான் படத்தின் ஓட்டை.

லாட்டைச் சிறிதாக வைப்பதால் என்ன லாபம் என்பதற்கு வெந்தயமே சாட்சி. 2011 மே மாதம் வட ஜெர்மனியில் ஈ.கோலை கிருமியால் ஆயிரக்கணக்கானோர் படுத்தார்கள், 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காயைக் குற்றம் சொல்லி அந்த விவசாயிகளை நஷ்டத்தில் தள்ளினார்கள். ஜூனில் பிரான்சின் போர்தோ பக்கத்தில் சிலருக்கு அதே கிருமி. ஜெர்மனியிலும் பிரான்சிலும் நோயாளிகள் தின்றது முளைகட்டிய விதைகள். இரண்டு நாட்டுப் பில்களையும் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால், எகிப்திலிருந்து 2009இல் வந்த ஒரே லாட் வெந்தயத்தில் இரண்டு கோடும் சேர்ந்தன. லாட் எண் தாளில் இருந்ததால்தான் அது முடிந்தது. உங்கள் வெந்தயம் சட்டியில் நன்றாக வறுபட்டால் அந்தக் கிருமி பயம் குறைவு. ஆனால் இரண்டு மூன்று லாட் வெந்தயத்தை ஒரே டிரம்மில் கொட்டி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். பழைய லாட் காலியான பிறகு டிரம்மைத் துடைத்து அடுத்ததைக் கொட்டுங்கள். இல்லையென்றால் ஒரு மூட்டையில் கோளாறு வந்தாலும் ஒரு வருடச் சரக்கைத் திரும்ப எடுக்க வேண்டி வரும்.

படம் தயாரானதும் இறக்குமதியாளருக்கு அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஏதோ ஒரு கடையில் இருக்கும் உங்கள் பாக்கெட்டை யாரையாவது வாங்கிவரச் சொல்லி, தொகுதி எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நேரம் பாருங்கள். பதினோரு பொருளுக்கும் பில், லாட், கையெழுத்துத் தாள் வர வேண்டும். அதே வத்தல் லாட் போன மற்ற தொகுதிகளும், அவை போன கடைகளும் வர வேண்டும். பிரிட்டன் சூப்பர்மார்க்கெட்டுகள் கேட்கும் பி.ஆர்.சி. தரச்சான்றில் இதற்குக் கொடுக்கும் நேரம் 4 மணி. நீங்கள் வீட்டில் இல்லாத ஒரு நாளில், நோட்டு எழுதும் பெண்ணிடம் இந்தச் சோதனையை ஒப்படைத்தால் இன்னும் சரியாகத் தெரியும். எந்தப் பொருளில் அவர் உங்களுக்கு போன் போடுகிறாரோ அந்தப் பொருளின் தாளைத் திருத்துங்கள்.